நான்காம் கல்லுக்கு வழி

சாவி வெட்டும் கடைக்கு மேலே, முதல் மாடியில், ஒற்றை ஜன்னல் வைத்த அறையில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் பொய்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் சலிப்பு சாரின் பிழைப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. காப்பீட்டுக் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் விசாரணை அதிகாரியாக இருந்து, எரிந்த கடைகளையும் காணாமல் போன லாரிகளையும் பார்த்துப் பார்த்து, எந்த ஃபைலைத் திறந்தாலும் "இதுவும் அதேதானா?" என்று கேட்கும் வழக்கம் அவருக்கு வந்துவிட்டது. சக ஊழியர்கள் வைத்த பட்டம் ஓய்வு பெற்ற பிறகும் ஒட்டிக்கொண்டு வந்தது. மனிதர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதில் அவருக்கு வருத்தமில்லை. பொய்யைக்கூட அக்கறையில்லாமல் அரைகுறையாகச் சொல்கிறார்கள் என்பதுதான் அவருக்குப் பொறுக்காது.

அவருக்கு உதவியாள் ஒருவர் உண்டு. தங்கையின் கணவர். முப்பது வருஷம் செருப்புக்கடை நடத்திவிட்டு, கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, வீட்டில் உட்கார முடியாமல் இங்கே வந்து உட்கார்ந்தவர். யார் படியேறி வந்தாலும் முதலில் காலைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தை. வந்தவர் வாயைத் திறப்பதற்குள் குற்றவாளி யார் என்று முடிவு கட்டிவிடுவார். இதுவரை ஒரு தடவைகூட அது சரியாக இருந்ததில்லை. அதனால் உற்சாகம் குறைந்ததும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குப் படியேறி வந்தவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், தோளில் ஒரு கான்வாஸ் பை.

"காலுக்கு ஏத்த ஷூ. நிறைய நடக்கறவங்க," என்று மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்.

"நான் சர்வேயர் சார்," என்றார் அந்தப் பெண். "புதன்கிழமை காலையில என் லைசென்ஸைப் பிடுங்கப் போறாங்க. அதுக்குள்ள நான் திருடி இல்லன்னு யாராவது நிரூபிக்கணும்."

"உட்காருங்கம்மா. முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் சலிப்பு சார்.

விஷயம் இதுதான். தண்ணீர்க் குழாய் பதிக்கும் கம்பெனி ஒன்று, குழாய் போக வேண்டிய தடத்தில் ஐந்து சிமெண்ட் கல் நடும் வேலையை இவரிடம் கொடுத்திருந்தது. இவர் காட்டிலும் மேட்டிலும் ஏறி இறங்கி ஐந்தையும் நட்டார். ஒவ்வொரு கல்லின் மேலும் கையடக்க ஜி.பி.எஸ். கருவியை வைத்து, அது காட்டிய எண்களைக் கம்பெனி ஃபாரத்தில் நிரப்பிக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து கம்பெனியின் சரிபார்ப்பு அதிகாரி தன்னுடைய கருவியோடு போய்ப் பார்த்தார். ஐந்தில் ஒரே ஒரு கல்தான் இருக்கிறது, மற்ற நான்கும் நடப்படவே இல்லை என்று அறிக்கை எழுதிவிட்டார்.

"ரிப்போர்ட் என் கைக்கு வரவே ஒரு வாரம் ஆச்சு சார். உடனே ஓடினேன். அஞ்சும் நட்ட இடத்துலயே நிக்குது. போட்டோ எடுத்துட்டு வந்து மேனேஜர்கிட்ட காட்டினேன். 'ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு அவசர அவசரமா நட்டுட்டு வந்திருக்கீங்க'ன்னு சொல்றார். கூட வந்த ரெண்டு பேரைக் கூப்பிட்டேன். அவங்க என் ஆளுங்களாம், சாட்சி செல்லாதாம்." சர்வேயர் நிறுத்தி மூச்சு விட்டார். "பதினோரு வருஷமா இந்த வேலை பண்றேன். ஒரு கல்லு கூட ஏமாத்தினதில்ல. லைசென்ஸ் போச்சுன்னா என்னை எந்த நிலத்துலயும் கால் வைக்க விட மாட்டாங்க."

அழவில்லை. அழுதிருந்தால் சலிப்பு சார் ஆர்வம் விட்டுப்போய்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்திருப்பார். கோபமாக இருந்த அந்த முகம் அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"கல்லை யாரோ திருடிட்டு, அப்புறம் திருப்பிக் கொண்டுவந்து வச்சிருக்காங்க!" என்றார் மாப்பிள்ளை.

"நாலு சிமெண்ட் கல்லை மலை மேலேர்ந்து தூக்கிட்டுப் போய், ஒரு வாரம் வீட்டுல வச்சிருந்து, திரும்ப அதே குழியில நட்டானா மாப்ள? எதுக்கு? குளிப்பாட்டவா?" என்றார் சலிப்பு சார். "அந்தக் காகிதங்களைக் கொடுங்கம்மா."

இரண்டு காகிதங்கள். ஒன்று சர்வேயர் நிரப்பிய ஃபாரம். கம்பெனி அச்சடித்தது, கம்பெனிக்கே உரிய லட்சணத்தோடு. டிகிரிக்குத் தனியாக ஓர் இடம். ஐந்து கற்களுக்கும் டிகிரி ஒன்றுதான். அதன் பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள், ஓர் எண்ணுக்கு ஐந்து கட்டம். கட்டங்களில் அழகான கையெழுத்தில் இப்படி இருந்தது:

முதல் கல்: வடக்கு 24318, கிழக்கு 41552
இரண்டாம் கல்: வடக்கு 24480, கிழக்கு 41365
மூன்றாம் கல்: வடக்கு 25004, கிழக்கு 41009
நான்காம் கல்: வடக்கு 25742, கிழக்கு 40318
ஐந்தாம் கல்: வடக்கு 26835, கிழக்கு 39960

இன்னொன்று அதிகாரியின் அறிக்கை. முதல் கல்லைப் பற்றி அதில் எழுதியிருந்தது: "குறிப்பிட்ட இடத்தில் கருவியோடு நின்று சுற்றிலும் நன்கு தேடினேன். கல் இல்லை." இரண்டாம் கல்லுக்கும் அதே வாக்கியம். நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் அதே வாக்கியம், ஒரு கமா கூட மாறாமல். மூன்றாவதுக்கு மட்டும் வேறு: "சாலையோரம் கல் உள்ளது. அதுவும் குறிப்பிட்ட இடத்திலிருந்து பன்னிரண்டு மீட்டர் தள்ளி நடப்பட்டுள்ளது. கண்துடைப்புக்காக நடப்பட்டது என்று கருதுகிறேன்."

"கருதுகிறாராம்," என்றார் சலிப்பு சார். கருதுகிற ஆட்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பார்த்ததை எழுதத் தெரியாதவன்தான் கருதுவான் என்பது அவருடைய அனுபவம்.

"உங்க மெஷினைக் கொடுங்க. மூணாவது கல்லைக் காட்டுங்க."

சர்வேயர் பையிலிருந்து கருவியை எடுத்தார். ஓரத்து ரப்பர் தேய்ந்து, கைக்குப் பழகிப்போன கருவி. பொத்தானை அழுத்தியதும் திரையில் 25.004 என்று வந்தது.

"இதுல புள்ளி இருக்கே. ஃபாரத்துல எங்கம்மா புள்ளி?"

"ஃபாரத்துல புள்ளிக்கு இடமே கிடையாது சார். அஞ்சு கட்டம், அஞ்சு எண். கோட்டு மேல புள்ளி வச்சா ஃபாரத்தை அசிங்கப்படுத்தினதா திருப்பி அனுப்பிடுவாங்க. ஒரு தடவை அனுப்பிட்டாங்க."

"அதிகாரியோட மெஷினும் இதே மாதிரிதானா?"

"அது வேற கம்பெனி மாடல் சார். நான் கையில வாங்கிப் பார்த்ததில்ல. அவர் யார்கிட்டயும் கொடுக்க மாட்டார்."

சலிப்பு சார் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். மூன்றாம் கல்லின் வரிசையை விரலால் தடவினார். பிறகு நான்காம் கல்லின் வரிசைக்கு வந்து, அங்கேயே விரலை வைத்துக்கொண்டு, மூக்கால் ஒரு சிரிப்பு சிரித்தார்.

"என்ன மச்சான், கண்டுபிடிச்சுட்டீங்களா?" மாப்பிள்ளை நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

"முட்டாள்தனம் எங்க முடிஞ்சு அயோக்கியத்தனம் எங்க ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதிகாரியோட வண்டி ஓட்டினவரை ஒரு தடவை பார்க்கணும்."

வண்டி ஓட்டுநரைக் கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடையில் பிடித்தார்கள். நல்ல மனிதர், ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு தடவை எதிரேயிருந்த கம்பெனி வாசலைத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் ரெண்டு இடத்துல சார் நல்லாவே அலைஞ்சார்," என்றார் ஓட்டுநர். "முள்ளுக்குள்ள எல்லாம் போனார். அதுல குறை சொல்லக் கூடாது. மூணாவது ரோட்டோரம். கல்லு கிடைச்சுது. சந்தோஷமாத்தான் இருந்தார். அப்புறம் வண்டியில வந்து உக்காந்து அந்த மெஷினை அமுக்க ஆரம்பிச்சார். அமுக்கறார், அமுக்கறார், ஒரே பட்டனைப் போட்டு அமுக்கறார். பேட்டரியை மாத்தினார். திட்டினார். கால் மணி நேரம் அதோட மல்லுக்கட்டினார்."

"அப்புறம் எங்க போனீங்க?"

ஓட்டுநர் டம்ளரின் அடியைப் பார்த்தார். "எனக்கு ஞாபகம் இல்ல சார். நான் சொன்ன இடத்துக்கு ஓட்டறவன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"பரவாயில்ல. நீங்க சொல்ல வேண்டாம்," என்றார் சலிப்பு சார். "புதன்கிழமை அந்த ரூம்ல இருந்தா போதும்."

வெளியே வந்ததும் மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "மச்சான், இவன்தான்! செருப்புக் குதிகால்ல செம்மண் அப்பியிருக்கு, பார்த்தீங்களா? மலைக்குப் போய் கல்லைப் பிடுங்கினவன் இவன்தான்!"

"அவங்க மலைக்குப் போய் மூணு வாரம் ஆச்சு. மூணு வாரமா அந்த மண்ணைக் காலோட பத்திரமா வச்சிருக்காரா? எதிர்ல பாருங்க."

எதிரே கம்பெனி வாசலில் பள்ளம் தோண்டி, செம்மண்ணை வழியெல்லாம் கொட்டி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை தன்னுடைய செருப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதிலும் அப்பியிருந்தது.

புதன்கிழமை பத்து மணி. நீள மேசை போட்ட அறை. அதன் தலைப்பக்கம் மேலாளர், யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவருடைய கருத்து. அவர் முன்னால் சர்வேயரின் உரிமத்தை ரத்து செய்யக் கோரும் கடிதம் தட்டச்சாகி, கையெழுத்துக்குத் தயாராகப் பேனாவோடு இருந்தது. விசாரணைக்கு முன்பே தீர்ப்பை அச்சடித்து வைத்திருப்பது அவர்கள் வேகத்துக்கு அடையாளம் போலும்.

வலது பக்கம் சரிபார்ப்பு அதிகாரி. சலிப்பு சார் பார்த்ததுமே ஆளைப் புரிந்துகொண்டார். ஐந்து நிமிஷத்தில் நான்கு தடவை "என் இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில்" என்று சொன்னார். கருவியை இடுப்பில் உறை போட்டுத் தொங்கவிட்டிருந்தார், துப்பாக்கி மாதிரி. சுவரோரம் ஓட்டுநர் நின்றார். சர்வேயர் கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார்.

"இவர் யாரு?" என்று அதிகாரி கேட்டார்.

"எனக்காகப் பேச வந்தவர்," என்றார் சர்வேயர்.

"பேச என்ன இருக்கு? கல்லு இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல."

"ரொம்பச் சரி," என்றார் சலிப்பு சார். குரலில் தேன் வடிந்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் அந்தக் குரல் தெரியும். அவர் மடியில் வைத்திருந்த நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க அனுபவத்துக்கு முன்னாடி நாங்க எல்லாம் எம்மாத்திரம். எனக்குத் தெரியாததால கேக்கறேன். ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணை நீங்களேதான் மெஷின்ல போட்டீங்களா?"

"நானேதான். அடுத்தவன் கையில மெஷினைக் கொடுக்கற பழக்கம் எனக்குக் கிடையாது."

"ஃபாரத்துல இருந்த மாதிரியே போட்டீங்களா?"

"ஒரு எண்ணைக்கூட மாத்தல. அஞ்சு கட்டம் அங்க, அஞ்சு கட்டம் இங்க. அப்படியே போட்டேன். மூணு மூணு தடவை சரிபார்த்தேன்."

"மெஷின்ல ஏதாவது செட்டிங் மாத்தினீங்களா?"

"வாங்கின நாள்லேர்ந்து ஒரே செட்டிங். தொட்டதே இல்ல."

"நாலாவது இடத்துக்கும், அஞ்சாவது இடத்துக்கும்கூட அப்படியேதானே போனீங்க?"

ஒரே ஒரு நொடி. அதிகாரியின் கண் ஓட்டுநர் பக்கம் போய்த் திரும்பியது. "அப்படியேதான். நின்னு தேடினேன். ரிப்போர்ட்டுல எழுதியிருக்கேன்ல?"

"எழுதியிருக்கீங்க. படிச்சேன். இப்ப அந்த மெஷினை எடுத்து, எங்க எல்லாருக்கும் தெரியற மாதிரி, நாலாவது கல்லோட வடக்கு எண்ணை ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்."

அதிகாரி உறையிலிருந்து கருவியை மெதுவாக எடுத்தார். "இது எதுக்கு இப்ப..." என்றார். மேலாளர், கடைசியாகப் பேசியவர் சலிப்பு சார் என்பதால், "போட்டுக் காட்டுங்களேன்," என்றார்.

இரண்டு. ஐந்து. இரண்டு எண்களும் விழுந்தன. மூன்றாவது கட்டத்துக்கு வந்து ஏழை அழுத்தினார். கருவி 'பீப்' என்றது. கட்டம் காலியாகவே இருந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி 'பீப்'. மூன்றாம் தடவை அழுத்தும்போது கட்டைவிரல் வெளுத்துவிட்டது.

"பேட்டரி வீக்," என்றார் அதிகாரி.

"இந்தாங்க!" மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து புத்தம்புது பேட்டரி இரண்டை எடுத்து மேசை மேல் வைத்தார். சலிப்பு சார் வாங்கி வரச் சொன்னது அது ஒன்றுதான். அதைச் செய்த பெருமையில் மாப்பிள்ளையின் முகம் பளபளத்தது. பேட்டரியை மாற்றியும் கருவி ஏழை வாங்கவில்லை.

"ஏன் வாங்க மாட்டேங்குது?" என்று மேலாளர் கேட்டார்.

"அந்த மெஷினுக்காவது கொஞ்சம் புத்தி இருக்கு," என்றார் சலிப்பு சார். "சொல்றேன், கேளுங்க. ஒரே இடத்தை எழுத ரெண்டு மூணு முறை உண்டு. இந்தம்மாவோட மெஷின் டிகிரி, நிமிஷம், அப்புறம் நிமிஷத்தை ஆயிரமா பங்கு போட்டு அதுல எத்தனைன்னு காட்டும். முதல் கல்லுக்கு இருபத்தி நாலு புள்ளி மூணு ஒண்ணு எட்டு நிமிஷம். இவரோட மெஷின் டிகிரி, நிமிஷம், செகண்டுன்னு காட்டும். அதே எண்ணை அதுல போட்டா இருபத்தி நாலு நிமிஷம், முப்பத்தொண்ணு புள்ளி எட்டு செகண்டுன்னு எடுத்துக்கும். ரெண்டுக்கும் அஞ்சு எண்தான். ஆனா இடம் வேற. உண்மையில புள்ளி மூணு ஒண்ணு எட்டு நிமிஷம்னா பத்தொம்பது செகண்டுதான். முதல் ரெண்டு கல்லுக்கும் இவர் அரைக் கிலோமீட்டருக்கு மேல தள்ளிப் போய், முள்ளுக்குள்ள நின்னு, இல்லாத கல்லைத் தேடியிருக்கார். புள்ளி வைக்க இடமில்லாத ஃபாரம் அச்சடிச்ச உங்க கம்பெனிக்கும் இதுல பங்கு உண்டு."

"அப்ப மூணாவது கல்லு மட்டும் எப்படிக் கிடைச்சுது?" மேலாளருக்கு இப்போது உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது.

"அதுதான் எனக்கு முதல்ல கண்ணுல பட்டது. அந்த எண்களைப் பாருங்க. இருபத்தஞ்சுக்கு அப்புறம் சைபர் சைபர் நாலு. நாப்பத்தொண்ணுக்கு அப்புறம் சைபர் சைபர் ஒன்பது. கடைசி மூணு எண் பெருசா இருந்தா தப்பும் பெருசா இருக்கும். சைபருக்குப் பக்கத்துல இருந்தா எந்த முறையில படிச்சாலும் இடம் பெரிசா மாறாது. கணக்குப் போட்டா தப்பு பத்து பன்னிரண்டு மீட்டர் வரும். சார் எவ்வளவு தள்ளி இருந்துதுன்னு எழுதினார்? பன்னிரண்டு மீட்டர். தான் செஞ்ச தப்பை அளந்து, அதையும் இந்தம்மா தலையில கட்டியிருக்கார்."

சர்வேயர் கட்டியிருந்த கையை அவிழ்த்து மேசை மேல் வைத்தார். அவர் உதடு அசைந்தது. முதல் கல், இரண்டாம் கல் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"இதுவரைக்கும் முட்டாள்தனம்," என்று சலிப்பு சார் தொடர்ந்தார். "யாருக்கும் நடக்கும். ஆனா நாலாவது கல்லுல அது முடிஞ்சுபோச்சு. இருபத்தஞ்சு நிமிஷம், எழுபத்தி நாலு செகண்டு. ஒரு நிமிஷத்துக்கு அறுபது செகண்டுதான்னு சின்னப் பசங்களுக்குத் தெரியும். மெஷினுக்கும் தெரியும். ஏழை வாங்க மாட்டேன்னுது. சார் வண்டியில உக்காந்து அமுக்கினார், அமுக்கினார், பேட்டரி மாத்தினார், திட்டினார். அஞ்சாவது கல்லும் அப்படித்தான். அதுல எண்பத்தி மூணு, தொண்ணூத்தி ஆறு. அங்கேயே இவருக்குப் புரிஞ்சிருக்கணும்."

"நான்... நான் அப்ப செட்டிங் மாத்திட்டுப் போனேன்," என்றார் அதிகாரி.

"தொட்டதே இல்லன்னு இப்பத்தானே சொன்னீங்க? சரி, மாத்தினீங்கன்னே வச்சுப்போம். அப்படின்னா முதல் ரெண்டு இடத்துக்கும் தப்பாப் போனோம்னு அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் 'கல் இல்லை'ன்னு எழுதினீங்க. மாத்தலன்னா, நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நீங்க போயிருக்கவே முடியாது. போகாம 'நின்று தேடினேன்'னு எழுதினீங்க. எது வேணுமோ எடுத்துக்கோங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

சுவரோரத்திலிருந்து ஓட்டுநர் தொண்டையைக் கனைத்தார்.

"மூணாவது இடத்துலேர்ந்து நேரா ஆபீஸுக்குத்தான் சார் வந்தோம்," என்றார். சொல்லிவிட்டுத் தன் தைரியத்தைப் பார்த்துத் தானே பயந்துபோய் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"வெயில்..." என்றார் அதிகாரி. "மறுபடி முதல்லேர்ந்து நடக்கணும்னா... அந்த வெயில்ல..."

இவ்வளவுதான் காரணம். சலிப்பு சாருக்கு வாய் கசந்தது. பகையில்லை, பொறாமையில்லை, யாரும் தூண்டிவிடவும் இல்லை. இரண்டு மணி நேரம் நடக்கச் சோம்பல்பட்டு ஒரு மனுஷியின் பதினோரு வருஷத்தை அழிக்கப் பார்த்திருக்கிறார். வில்லனாக இருப்பதற்குக்கூடக் கொஞ்சம் உழைப்பு வேண்டும். இவரிடம் அதுகூட இல்லை. திட்டலாம் என்றால் திட்டுக்குத் தகுந்த ஆளாகவும் தெரியவில்லை.

மேலாளர் சட்டென்று சுறுசுறுப்பானார். ரத்துக் கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். "சரி, சரி. ஒரு சின்ன டெக்னிக்கல் குழப்பம். பெரிசு பண்ண வேண்டாம். மேடம், உங்க லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாது. இப்பவே புது ரிப்போர்ட் எழுதிடலாம்." ஒரு வெள்ளைத்தாளை அதிகாரி பக்கம் தள்ளினார். "எழுதுங்க. 'ஐந்து கற்களும் உரிய இடத்தில் உள்ளன. நேரில் பார்த்து உறுதி செய்தேன்.' கையெழுத்துப் போடுங்க. முடிஞ்சுது."

அதிகாரி பேனாவை எடுத்துவிட்டார். உயிர் வந்த மாதிரி வேகமாக எழுதத் தொடங்கினார். மாப்பிள்ளை கை தட்டத் தயாரானார்.

சர்வேயர் எழுந்து போய் அந்தத் தாளின் மேல் கையை வைத்தார்.

"யாரு நேர்ல பார்த்தா?" என்று கேட்டார்.

மேலாளருக்குப் புரியவில்லை. "உங்களுக்குச் சாதகமாத்தானே மேடம் எழுதறார்?"

"போகாமலே இல்லன்னு எழுதினார். இப்ப போகாமலே இருக்குன்னு எழுதறார். ரெண்டும் ஒரே பொய்தான் சார். என் கல்லு இருக்கு. அது இவர் நாற்காலியில உக்காந்து கொடுக்கற பிச்சை இல்ல." தாளிலிருந்து கையை எடுக்கவில்லை. "வண்டியை எடுக்கச் சொல்லுங்க. இவர் வரணும். நீங்களும் வரணும். பார்த்துட்டு எழுதுங்க."

மேலாளர் ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தார். பிறகு உதவிக்கு சலிப்பு சாரைப் பார்த்தார்.

"எனக்கு வேலை ஒண்ணும் இல்ல. நானும் வரேன்," என்றார் சலிப்பு சார். யாரையும் மதிக்காத அந்த மனிதர் எழுந்து, சர்வேயர் முதலில் போகட்டும் என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை இப்படி ஒன்றை அவரிடம் பார்த்ததில்லை.

முதல் மூன்று கற்களையும் பார்த்துவிட்டு நான்காம் கல்லுக்கு ஏறத் தொடங்கும்போது மணி ஒன்று. மேட்டில் நிழல் என்ற பேச்சே இல்லை. மேலாளர் பாதி வழியிலேயே கோட்டைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டார். அதிகாரி பத்தடிக்கு ஒரு தடவை நின்று, சுற்றியிருக்கும் காட்சியை ரசிப்பவர் போல இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "மெட்டல் ஹீல் வச்ச ஷூ. மலைக்கு ஆகாது," என்று மாப்பிள்ளை பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். அன்று முழுக்க அவர் சொன்னதில் அது ஒன்று சரியாக இருந்தது.

சர்வேயர் கருவியைப் பார்க்கவே இல்லை. வழி அவருக்குக் கால்களில் இருந்தது. ஒரு முட்புதரைச் சுற்றிக்கொண்டு போய் நின்றார். முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமெண்ட் கல். தலையில் நான்கு என்று வெட்டியிருந்தது. அடியைச் சுற்றிப் புல் முளைத்துக் காய்ந்து, மறுபடி முளைத்திருந்தது. இரண்டு வாரம் முன்பு அவசரமாக நட்ட கல்லுக்கு அப்படி முளைக்காது. மேலாளர் குனிந்து அந்தப் புல்லைப் பார்த்தார்.

"கையை வைங்க சார்," என்றார் சர்வேயர் அதிகாரியிடம்.

அதிகாரி கல்லின் தலையில் கையை வைத்தார். வெயிலில் காய்ந்திருந்த சிமெண்ட் சுரீரென்று சுட்டிருக்க வேண்டும், எடுக்கப் போனார். சர்வேயர் பார்த்துக்கொண்டே நின்றதால் எடுக்கவில்லை.

"இருக்கா?"

"இருக்கு."

"இப்ப எழுதுங்க."

அதிகாரி தொடையில் தாளை வைத்து, வியர்வை சொட்டச் சொட்ட எழுதினார். நான்காம் கல் உள்ளது. நேரில் பார்த்தேன். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே கீழே வண்டி நிற்கும் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பக்கம் இல்ல சார்," என்றார் சர்வேயர். "அஞ்சாவது கல்லுக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் மேல ஏறணும்." சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.